கம்பிப் பதம்

ஆட்டோகிளேவில் தண்ணீர் கொதித்து ஆவி சீறுகிற வரைக்கும் கிருமி வளர்க்கிற இன்குபேட்டரைத் திறப்பதில்லை என்று நாச்சிமுத்து தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு லேப் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தட்டைப் பார்த்த கையோடு அதை ஆவியில் போட்டு வேகவைத்துக் கொன்றுவிட வேண்டும், ஒரு நிமிஷம்கூட அது இந்த மேஜையில் சும்மா கிடக்கக் கூடாது, அதற்கு அடுப்பு தயாராக இருக்க வேண்டுமே. ஆனால் மனுஷன் தனக்குப் போட்டுக்கொள்கிற சட்டங்களில் பாதி, பயத்துக்குக் கட்டிவிட்ட வேட்டிதான். அதுவும் அவருக்குத் தெரியும். கேட்டில் வாட்ச்மேன் பெரியதம்பி, "ஏனுங் சார், ஞாயித்துக்கெழமையுமுங்களா?" என்று கேட்டபோது, "ஒரு தட்டு பாக்கோணும், பாத்துட்டுப் போயர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பொய் இல்லை. ஒரே ஒரு தட்டுதான். கண்ணாடித் தட்டு, உள்ளங்கை அகலம், அதில் பாசி ஜெல்லி ஊற்றி உறையவைத்தது, அதன்மேல் வெள்ளிக்கிழமை காலையில் அவர் இழுத்துவிட்ட நாலு கோடு. எல்லாத் தட்டிலும் அப்படித்தான் இழுக்கிறார், பதினெட்டு வருஷமாக. என்ன, இந்தத் தட்டில் இழுத்தது சம்யுவின் சளி. சம்யுக்தா அவருடைய மகள், பதினோரு வயது. அந்தச் சளி இந்தக் கட்டிடத்துக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. நோயாளிகளின் மாதிரிகளை இங்கே கொண்டுவரக் கூடாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அடியில் கையெழுத்து அவருடையது. மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுப் பையில் வைத்து அதைக் கொண்டுவந்தார். மனைவி கோகிலவாணிதான் பையைக் கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "பாத்த உடனே எனக்குச் சொல்லிப்போடோணும் மாமா, உங்குளுக்குள்ளயே வெச்சுக்கக் கூடாது" என்றாள். சரி என்று தலையாட்டினார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமைதான் வரும், அதுவரைக்கும் நல்லதோ கெட்டதோ வாயைத் திறப்பதில்லை என்று அப்போதே முடிவும் செய்துவிட்டிருந்தார்.

ஆட்டோகிளேவ் லேசாக முனகத் தொடங்கியது, தண்ணீர் சூடேறுகிற சத்தம். கிருமி இருக்கும். அதில் சந்தேகம் இல்லை, பச்சையாகச் சளி வந்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். சம்யுவின் நுரையீரலில் சளி மற்றவர்களுக்குப் போல் தண்ணீராக ஓடாது, பிறந்ததிலிருந்தே கெட்டியாகத் தேங்கும், தேங்கின இடத்தில் எது வேண்டுமானாலும் வந்து குடியேறும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கிருமி வந்தது. சூடோமோனாஸ். தண்ணீரில், மண்ணில், வாஷ்பேசின் ஓட்டையில், எங்கேயும் இருக்கிற ஒரு நாடோடி. அப்போது தட்டில் அது காய்ந்து தட்டையாக, ஓரம் பிய்ந்து, அப்பளத் துண்டு மாதிரி வளர்ந்திருந்தது. மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியாக மூன்று மாதம் கொடுத்தார்கள், போய்விட்டது. இந்தத் தடவையும் அதே மாதிரி காய்ந்து கிடந்தால் மறுபடி விரட்டிவிடலாம். பசை கட்டியிருந்தால் முடியாது. அந்தக் கிருமி உடம்புக்குள் வெகுநாள் அடிபட்டால், ஒரு நாள் தன்மேல் ஒரு கொழகொழப்பைச் சுரந்து போர்த்திக்கொள்ளும், அதற்கப்புறம் எந்த மருந்தும் உள்ளே போகாது, ரத்தத்தின் காவல் அணுக்களும் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் அதை விரட்டுகிற பேச்சே கிடையாது. ஆயுசுக்கும் அதோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான், அந்த ஆயுசும் எவ்வளவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பசை கட்டாம இருந்தாச் சரிங்க சார். மத்ததெல்லாம் நம்ம கையில இருக்கு. இதப் பத்தி உங்களுக்கு நான் சொல்லோணுமா?" என்றாள் நுரையீரல் டாக்டரம்மா. வேண்டியதில்லைதான். இந்த ஊரில் அந்தப் பசையைப் பற்றி அவரைவிட அதிகமாகத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்றால் இல்லை. அந்தப் பசைதான் அவருடைய சோறு.

எதிரே இரண்டு இன்குபேட்டர். இடது பக்கத்தில் இருப்பது முப்பது டிகிரி, அவருடையது. அதில் வளர்வது அசோட்டோபாக்டர் என்கிற சாது, மண்ணில் இருப்பது, வேளாண் கடையில் உயிர் உரம் என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அதேதான். அதுவும் இதே பசையைச் சுரக்கும். ஆல்ஜினேட். ஐஸ்கிரீம் உருகி ஓடாமல் இருக்கப் போடுகிறார்கள், பல் டாக்டர் வாய்க்குள் அச்சு எடுக்கிற ரோஸ் கலர் மாவில் அதுதான், தீப்புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற துணியிலும் அதுதான். கடலில் பாசி அறுத்து எடுத்துக்கொண்டிருக்கிற அந்தச் சரக்கைத் தொட்டியில் பாக்டீரியாவை வைத்தே எடுத்துவிடலாம் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், இவரும் நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். பசை சுரக்கிற மரபணுக்கள் எல்லாம் கிருமியிடம் ஏற்கெனவே இருக்கின்றன, ஆனால் ஒரு மரபணு பிரேக் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது, "பிரேக் ஒயரை வெட்டிவிடு, வண்டி தானா ஓடும்" என்பார். வெட்டினார். ஓடியது. தட்டு முழுக்கப் பளபளவென்று, பனி விழுந்தது போல் பசை. அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் லட்டு. அதற்கப்புறம் லேபில் ஒரு பழக்கமே வந்துவிட்டது. பல்குச்சியை எடுத்துக் கிருமித் திட்டைத் தொட்டு மெல்ல மேலே தூக்க வேண்டும். பாகு காய்ச்சும்போது விரலில் தொட்டு இழுத்துப் பார்ப்பார்களே, அப்படி. நூல் எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு நல்ல கிருமி. அதற்குச் சரியான அறிவியல் பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. ஆராய்ச்சி மாணவி ஜெனிபர் வெளியே ஓடி வந்து, "சார், கம்பிப் பதம் வந்துருச்சு" என்பாள். அவர் எழுந்து போய்ப் பார்ப்பார். அந்தப் பளபளப்பைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும், அதைச் சொல்ல வெட்கம் என்ன, அது அவருக்கு அழகு. சம்யுவும் லீவு நாட்களில் வந்து உட்காருவாள். கைக்குப் பெரிதான கிளவுஸ் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் இழுப்பாள். கை நடுங்காது அவளுக்கு. ஒரு தடவை ஜெனிபரைவிட ஒரு விரற்கடை அதிகமாக இழுத்துவிட்டாள், ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சு. வெள்ளிக்கிழமை டப்பாவில் இருமித் துப்பிவிட்டு மூடியைத் திருகிக்கொண்டே, "இது உங்க லேபுக்கா? என்னோடதுல கம்பி எவ்ளோ வரும்ப்பா?" என்று கேட்டாள். அவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்பதுதான் இப்போது அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. தட்டில் கோடு இழுத்தார். மூடினார். அடியில் பேனாவால் எஸ் என்று ஒரு எழுத்து எழுதினார். அப்புறம்? அப்புறம், இன்குபேட்டருக்குள் வைப்பதற்கு முன்னால், தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்த முக்கியமான தட்டானாலும் அவர் அப்படித்தான் செய்வார், பிள்ளைகள் சிரிப்பார்கள், ஜெனிபர் மட்டும் சிரிக்காமல் தன் தட்டின்மேல் விரலால் ஒரு சிலுவை போடுவாள். நோய்க் கிருமி இழுத்த தட்டை எவனாவது கண்ணில் ஒற்றுவானா? ஒற்றியாகிவிட்டது. சரி, கிருமி வெளியே வராது, மூடிதான் இருந்தது, அது போகட்டும். ஆனால் ஒற்றும்போது வாயில் ஒரு வார்த்தை வருமே. 'நல்லா வரோணும்.' ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்வார், மருதமலைப் பக்கம் பார்த்துச் சொல்வார். வெள்ளிக்கிழமை சொன்னாரா? யோசித்துப் பார்த்தால் உதடு அசைந்த ஞாபகம் இருக்கிறது. எதற்கு அசைந்தது? நல்லா வரோணும் என்றா, நல்லாகோணும் என்றா? குழந்தை நல்லாகோணும் என்று சொல்லியிருப்பார். ஆமாம், அப்பன் வேறென்ன சொல்வான்? ஆனால் கைக்குப் பழகினது வாய்க்கும் பழகியிருக்கும். பதினெட்டு வருஷம் ஒரே வார்த்தை. முருகன் எதைக் கேட்டிருப்பான்? இதென்ன பைத்தியக்காரத்தனம், முருகனா வந்து கிருமிக்குப் பிரேக் ஒயரை வெட்டுகிறான், அது தானாக அறுந்துவிடும், மரபணுவின் எழுத்து வரிசையில் ஒரே எழுத்து ஐந்து தடவை தொடர்ந்து வருகிற ஒரு இடம் இருக்கிறது, நகலெடுக்கும்போது அங்கே ஒன்று உதிர்ந்துபோகும், நாலாகிவிடும், அவ்வளவுதான் விஷயம். அவரே பாடம் எடுத்திருக்கிறார். உதிர்ந்திருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே உதிர்ந்திருக்கும், சம்யுவின் நெஞ்சுக்குள்ளேயே, இவர் வாயில் என்ன வந்தது என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரி. ஆனால் வெள்ளிக்கிழமை உதடு எதற்கு அசைந்தது?

தண்ணீர் இப்போது உள்ளே குதிக்கத் தொடங்கிவிட்டது. அவர் எழுந்து போய் மூடியின் திருகாணிகளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். ஒரு எழுத்து. கிருமிக்கு ஒரு எழுத்து போனால் போதும், சம்யுவுக்குப் போனது மூன்று. மூன்று எழுத்து விடுபட்ட ஒரு மரபணு இவரிடம் ஒன்று, கோகிலவாணியிடம் ஒன்று, இரண்டும் சேர்ந்து குழந்தையிடம் வந்துவிட்டன. கோகிலவாணி அவருடைய தாய்மாமன் மகள். அவர்கள் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை, பெண் பிறந்த அன்றைக்கே "இவ நம்ம நாச்சிமுத்துக்குத்தான்" என்று மாமா சொல்லிவிட்டார். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒருவருக்கு அந்த மூன்றெழுத்துக் குறை இருந்திருக்க வேண்டும், யாருக்கும் தெரியாமல் அம்மாவிடம் ஒரு பக்கம், மாமாவிடம் ஒரு பக்கம் என்று சத்தமில்லாமல் வந்து, அவருடைய கல்யாணப் பந்தலில் ஒன்றாகக் கூடியிருக்கிறது. அப்போது அவர் மரபணுவில்தான் பிஎச்டி செய்துகொண்டிருந்தார். சொந்தத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கரும்பலகையில் கட்டம் போட்டு நாலில் ஒன்று என்று அவரே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதைவிட, பதினான்கு வயதில் கிணற்று மேட்டில் நின்று, "மாமா, எனக்கொரு எளநி" என்று கேட்டவளை வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. இன்றைக்கும் வராது. சம்யு கைக்குழந்தையாக இருந்தபோது கோகிலவாணி கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, "இந்தப் புள்ள என்ன மாமா இப்பிடி உப்புக் கரிக்கறா?" என்றாள். அவரும் முத்தம் வைத்துப் பார்த்தார். கரித்தது. வெயில் காலம் என்றார். அந்த உப்புத்தான் இந்த நோயின் முதல் அடையாளம் என்று நாலு வருஷம் கழித்து வேலூரில் சொன்னார்கள். விளையாடிவிட்டு வந்தால் அவள் ரிப்பன் ஓரத்தில் இன்றைக்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அவளை நினைத்தால் அவருக்கு முதலில் நாக்கில்தான் தெரியும்.

அந்தக் கிருமிக்குத்தான் என்ன பகை, என்று ஒரு நினைப்பு ஓடியது. அது குழந்தையைக் கொல்ல வேண்டும் என்றா நினைக்கிறது? மருந்து அடிக்கிறது, காவல் அணு கடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, போர்வை கிடைத்தால் போர்த்திக்கொள்கிறது. இடது பக்கத்து இன்குபேட்டரில் அதற்காகவே அதை மெச்சுகிறோம். ஐந்து லட்டு சாப்பிட்டாயே அன்றைக்கு, நாச்சிமுத்து. யார் வீட்டிலோ ஒரு குழந்தையின் நெஞ்சில் அதே பசை கட்டிக்கொண்டிருக்கும் என்பது தெரியாமலா சாப்பிட்டாய்? தெரியும், எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பத்தியில் எழுதியிருக்கும், அதைத் தாண்டி இரண்டாவது பத்தியிலிருந்து படிப்பதுதான் வழக்கம். சம்யுவுக்கு நோய் தெரிந்த பிறகும் அப்படித்தான் படித்தார். வேலையை மாற்றிக்கொள்ளலாமே என்று கோகிலவாணிகூட ஒரு தடவை கேட்டாள். மண்ணில் இருக்கிறது வேறே, நெஞ்சில் இருக்கிறது வேறே என்று அவளிடம் சொன்னார், தன்னிடமும் சொல்லிக்கொண்டார். மரபணு என்னவோ ஒன்றுதான். முருகா, காய்ந்து கிடக்கட்டும். அப்பளமாக, பொருக்காக, பார்க்கச் சகிக்காமல் கிடக்கட்டும், எந்தத் தட்டைப் பார்த்தால் ஜெனிபர் முகம் தொங்கிப்போய்க் குப்பையில் போடுவாளோ அந்த மாதிரி ஒரு தட்டைக் கொடு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் ஒரு தட்டு கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். வேண்டுதல் புதுச் செருப்பு மாதிரி இடறியது. ஆவி சீறிவிட்டது.

அவர் கிளவுஸ் போட்டுக்கொண்டார், மாஸ்க்கைக் கட்டினார், வலது பக்கத்து இன்குபேட்டரின் கதவைத் திறந்தார். முப்பத்தேழு டிகிரி, மனுஷ உடம்பின் சூடு, முகத்தில் வந்து மோதியது, காய்ச்சலில் படுத்திருக்கிற பிள்ளையின் பக்கத்தில் குனிந்தால் அடிக்கிற அதே வெக்கை. கூடவே மாஸ்க்கைத் தாண்டித் திராட்சை வாசம். பன்னீர்த் திராட்சை, நசுங்கினது. அந்தக் கிருமி வளர்ந்தால் அப்படித்தான் மணக்கும், ஆக அதுதான். அது தெரிந்ததுதானே. சம்யுவுக்குத் திராட்சை பிடிக்கும், தோலைத் துப்பிவிட்டுத் தின்பாள், போகும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும். தட்டைக் கையில் எடுத்தார், பார்க்கவில்லை, மேஜைக்குக் கொண்டுவந்து பர்னரைப் பற்றவைத்தார், அப்போதும் பார்க்கவில்லை, விளக்கைப் போட்டார். மூடியைத் திறந்தார். விளக்கு வெளிச்சம் தட்டில் விழுந்து அப்படியே வழுக்கி ஓடியது. கோட்டுக்குக் கோடு முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, இளம்பச்சையாக, நனைந்து, கொழுகொழுவென்று, ஓரம்கூடப் பிசிறாமல் நிறைந்து நின்றது. இவ்வளவு நல்ல தட்டை அவர் பார்த்ததில்லை. கை தானாகப் போய்ப் பல்குச்சியை எடுத்தது, தீயில் காட்டியது, ஒரு திட்டின் நடுவில் தொட்டது, தூக்கியது. நூல் வந்தது. அவர் இன்னும் தூக்கினார். அறுபடவில்லை. சாமி, என்ன அழகு, என்று மனசு நிறைந்து, யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தலை திரும்பியது, திரும்பின கண்ணில் தட்டின் அடியில் எழுதியிருந்த எஸ், கண்ணாடி வழியாகப் பட்டது.

கை உயர்ந்தபடியே நின்றுவிட்டது. அந்தச் சந்தோஷம் உடனே போகவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நெஞ்சுக்குள் அது இன்னும் சூடாக இருந்தது, அதன்மேலேயே வந்து விழுந்தது மற்றது, இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தன. மேஜையில் கிடந்த போன் அடித்தது. திரையில் கோகிலவாணி பெயர். எடுக்காமல் விடலாம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்று முடிவு செய்ததுதானே. அவர் குச்சியைக் கீழே வைக்காமல் குனிந்து முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அப்பா," என்றாள் சம்யு. "என்னுது வளந்துருச்சா?"

"வளந்துருச்சு சாமி."

"கம்பி வந்துச்சா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை எங்கேயோ இருந்தது, எடுத்துச் சொல்லிவிடலாம். கண்ணுக்கு முன்னால் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு."

"எவ்ளோ? ஜெனிபர் அக்காவோடத விட எச்சா?"

"எச்சாத்தான் சாமி."

"அம்மா, என்னுதுதான் பர்ஸ்ட்டு," என்று அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது. கத்தினதில் இருமல் வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஈரமாக, நின்று நின்று வருகிற இருமல். அவர் அதைக் கடைசி வரைக்கும் கேட்டார். அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. பன்னிரண்டு வருஷமாக இந்த லேபின் கதையைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறவள் கோகிலவாணி. கம்பி வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போன் கை மாறுகிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம், அதற்கப்புறம் அவளுடைய மூச்சு மட்டும்.

"மாமா," என்றாள்.

"சொல்லு கோகிலா."

ஆட்டோகிளேவ் பின்னால் சீறிக்கொண்டிருந்தது.

"அவ சந்தோசமா இருக்கறா. நான் இப்பத்திக்கு அவகிட்ட ஒண்ணும் சொல்லலீங்க மாமா. டாக்டரம்மாவுக்கு நான் போன் போடறேன். நீங்க அந்த அடுப்பை அணைச்சுப்போட்டு வீட்டுக்கு வாங்க."

சரி என்றார். தட்டை ஆவியில் போட்டுவிட்டு, வரும் வழியில் திராட்சை வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.